சொகுசுக் கப்பலின் கடைசி நாள் காலை: எப்போது இறங்குவது? சிங்கப்பூர்ப் பயணிகளுக்கான கேள்வி பதில்

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் போன்ற துறைமுகங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் சிங்கப்பூரிலேயே இறங்கும் கப்பல் பயணங்களைப் பற்றி உறவினர்களும் நண்பர்களும் கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதி கடைசி நாள் காலையைச் சுற்றியே அமைகிறது. ஒரே பதிலைப் பலருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட ஓரிடத்தில் தொகுத்து வைப்பது நல்லது என்று தோன்றியது. கப்பல் காலையில் வந்து சேரும் பயணங்களை மனத்தில் வைத்தே நேரங்களைக் குறித்திருக்கிறேன். சில குறும்பயணங்கள் நண்பகலிலோ மாலையிலோ திரும்புகின்றன. அவற்றில் செல்வோர் அதற்கேற்ப நேரங்களைத் தள்ளிக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இறங்கும் நேரத்தை நாமே முடிவு செய்யலாமா, அல்லது அவர்கள் சொல்லும் நேரத்தில்தான் இறங்க வேண்டுமா?

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழியில், உங்கள் பெட்டிகளை நீங்களே இழுத்துக்கொண்டு, வாயில் திறந்ததும் முதல் கூட்டத்தோடு இறங்கிவிடலாம். இரண்டாவது வழியில், எண்ணோ நிறமோ கொண்ட அடையாளச் சீட்டைப் பெட்டியில் கட்டி, முந்தைய இரவு அறைக் கதவுக்கு வெளியே வைத்துவிடுகிறீர்கள். ஊழியர்கள் அதை எடுத்துச் சென்று முனையத்தில் இறக்கிவைப்பார்கள், உங்கள் எண்ணை அழைக்கும்போது நீங்கள் கைவீசிக்கொண்டு இறங்கலாம். சீட்டு எண்ணுக்குரிய நேரம் பொருந்தாவிட்டால் விருந்தினர் சேவை முகப்பில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். பயணம் முடிய ஒரு நாள் இருக்கும்போதே கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

பெட்டியை வெளியே வைப்பதற்கான கெடு பெரும்பாலான கப்பல்களில் இரவு 10 அல்லது 11 மணி. ஆகவே, பெயரளவில் இது காலை நேரத்து முடிவு என்றாலும், உண்மையில் அதை முந்தைய நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்தாக வேண்டியிருக்கிறது. பெட்டி வெளியே போய்விட்ட பிறகு, காலை 7 மணிக்கு விழித்து, சீக்கிரம் இறங்கலாமே என்று நினைத்துப் பயனில்லை. நீங்கள் இறங்கலாம், உங்கள் பெட்டி இன்னும் இறங்கியிருக்காது.

விடிவதற்குள் கப்பல் கரையில் கட்டப்பட்டிருக்கிறதே, ஏன் உடனே இறங்க விடுவதில்லை?

பயணத் திட்டத்தில் அச்சிடப்பட்டிருக்கும் நேரம் கப்பல் துறைமுகத்துக்கு வரும் நேரமே தவிர, நீங்கள் இறங்கும் நேரம் அன்று. கயிறு கட்டி, இறங்குபாலத்தை முனையத்தோடு பொருத்தி, அதிகாரிகள் கப்பலுக்கு அனுமதி அளித்த பின்னரே முதல் பயணி வெளியே வர முடியும். அதே வேளையில் கீழ்த்தளத்திலிருந்து ஆயிரக்கணக்கான பெட்டிகள் கூண்டு கூண்டாக இறங்கிக்கொண்டிருக்கும். கப்பல் நின்றதிலிருந்து வாயில் திறக்க முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

நாங்கள் இறங்கப்போவது மரினா பேயா, ஹார்பர்ஃபிரண்ட்டா? அதனால் ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. பெரிய கப்பல்கள் 2012இல் திறக்கப்பட்ட மரினா பே குரூஸ் சென்டருக்கு வருகின்றன. அங்கே இரண்டு கப்பல்கள் ஒரே நேரத்தில் நிற்கலாம். அப்படி நிற்கும் நாட்களில் டாக்சி வரிசை மிக நீண்டுவிடும். அருகிலுள்ள ரயில் நிலையம் வடக்கு தெற்குப் பாதையின் தென்கோடியில் இருக்கும் மரினா சவுத் பியர்; பெட்டியோடு நடந்தால் பத்து நிமிடம் ஆகும். ஹார்பர்ஃபிரண்ட்டில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டரோ கடைத்தொகுதியோடும் எம்ஆர்டி ரயில் நிலையத்தோடும் ஒட்டியே அமைந்திருக்கிறது. எந்த முனையம் என்பது உங்கள் பயணச் சீட்டில் குறிப்பிடப்பட்டிருக்கும். ஏறிய இடத்திலேயே இறங்குவீர்கள் என்பதால், ஏறும் நாளன்றே டாக்சி நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பும் விமானத்தை எத்தனை மணிக்குப் பதிவு செய்தால் கவலையில்லாமல் இருக்கலாம்?

விமான நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுகின்றன. வரிசையையும் சேர்த்தால், மூன்று மணி நேரத்துக்கு முன் சாங்கி விமான நிலையத்தில் இருப்பதே நிம்மதி. மரினா பேயிலிருந்து சாங்கி ஏறத்தாழ 20 கிலோமீட்டர்; டாக்சியில் 20 முதல் 30 நிமிடம். டாக்சிக்குக் காத்திருக்க அரை மணி, குடிநுழைவுச் சோதனைக்கு அரை மணி என்று ஒதுக்குங்கள். கப்பல் காலை 6:30 மணியளவில் கரை சேர்ந்து 7:30 மணிக்கு வாயில் திறந்தால், பெட்டியைத் தாமே தூக்கிச் செல்பவர் 9 மணிக்கு விமான நிலையத்தில் இருப்பார். அவருக்கு நண்பகல் 12 மணி விமானம் பொருந்தும்.

பெட்டியை இரவே வெளியே வைத்தவருக்கு இதில் ஒன்றரை மணி நேரமாவது கூடும். அவரது எண்ணை 9 மணிக்கு மேல் அழைக்கலாம். முனையத்தில் ஒரே நிறத்தில் அடுக்கி வைக்கப்பட்ட பெட்டிகளுக்கு நடுவே தன்னுடையதைத் தேடவும் நேரம் பிடிக்கும். ஆகவே அவருக்குப் பிற்பகல் 2 மணிக்குப் பிந்தைய விமானத்தையே பரிந்துரைப்பேன்.

சென்னைக்கும் திருச்சிக்கும் சிங்கப்பூரிலிருந்து பகலிலும் இரவிலும் விமானங்கள் இருக்கும்போது, காலை விமானத்தை எடுத்துக் கடைசி நாளை ஓட்டப்பந்தயமாக்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. மறுநாள் காலை அலுவலகம் இருக்கிறது என்பவர்கள் மட்டும் விதிவிலக்கு; அவர்களும் இரவு விமானத்தில் போய்விடலாம்.

ஏற்கெனவே 10:40 விமானத்துக்குப் பதிவு செய்துவிட்டோம். வாய்ப்பே இல்லையா?

வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அது உங்கள் கையில் இல்லை. மேலே சொன்ன கணக்கின்படி, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நீங்கள் சாங்கியை அடையும்போது 9 மணி ஆகிவிடும். எங்கேனும் ஒரு கண்ணி அரை மணி நேரம் பிசகினால் பெட்டி வாங்கும் முகப்பு மூடப்படும் நேரத்தை நெருங்கிவிடுவீர்கள். முதலில் விமான நேரத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். மாற்றுக் கட்டணம், பெரும்பாலும் புதிய சீட்டின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

மாற்றவே முடியாதென்றால், இணையத்தில் முன்னதாகவே செக்-இன் செய்துகொள்ளுங்கள். இயன்றவரை கைப்பெட்டிகளோடு மட்டும் பயணம் செய்யுங்கள். விருந்தினர் சேவை முகப்பில் உங்கள் விமான நேரத்தைப் பதிந்து வைத்து, முதல் அழைப்பில் இறங்க இடம் கேளுங்கள். காலை உணவுக்கு உணவகத்தில் உட்காராமல் கையில் ஒரு ரொட்டியோடு வரிசையில் நில்லுங்கள். முதல் 50 பேரில் ஒருவராக இறங்குவதற்கும் 500ஆவது ஆளாக இறங்குவதற்கும் இடையே முக்கால் மணி நேரம் போய்விடும்.

பெட்டியை நாங்களே எடுத்துக்கொண்டு இறங்குவது அவ்வளவு கடினமா?

தட்டையான தரையில் கடினமில்லை. சிக்கல் மின்தூக்கியில்தான். ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்களில் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கிலேயே ஏறத்தாழ 4,180 பயணிகள் இருப்பார்கள். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு இயங்குவதற்கான டிஸ்னி அட்வென்ச்சர் கப்பல் ஏறத்தாழ 6,700 பேரை ஏற்றக்கூடியது. காலை 7 முதல் 9 வரை அவர்களில் பெரும்பாலோர் ஒன்று சாப்பாட்டுத் தளத்துக்கு ஏறிக்கொண்டிருப்பார்கள், அல்லது வெளியேறும் தளத்துக்கு இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு மின்தூக்கியும் நிரம்பியே வந்து நிற்கும்.

என் அளவுகோல் எளியது. ஒருவர் ஒரே பயணத்தில், பிறர் உதவியின்றி, படிக்கட்டில் இரண்டு தளம் இறக்கக்கூடிய சுமைதான் தானே தூக்கிச் செல்வதற்கு ஏற்ற சுமை. அதற்கு மேலிருந்தால் பெரிய பெட்டியை இரவே கொடுத்துவிடுங்கள். பினாங்கில் வாங்கிய பொருட்களால் பெட்டி எவ்வளவு கனத்திருக்கிறது என்பதைக் கடைசி இரவில் தூக்கிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இரவில் வெளியே வைக்கும் பெட்டியில் எவற்றை வைக்கக் கூடாது?

பாஸ்போர்ட், மருந்து, நகை, பணம், மின்கலம், கைப்பேசி மின்னூட்டி, மறுநாள் உடுத்த வேண்டிய உடை, காலணி ஆகியவற்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டும் நகைச்சுவைக்காகச் சொல்லப்படவில்லை. எல்லாவற்றையும் அடுக்கி வெளியே வைத்துவிட்டு, காலையில் இரவு உடையோடும் அறைச் செருப்போடும் இறங்குபவர்களை எந்தக் கப்பலிலும் காணலாம்.

பாஸ்போர்ட்டைக் கப்பலில் ஏறும்போதே வாங்கிக்கொண்டார்கள். இறங்கும் நேரத்தை அது பாதிக்குமா?

பாதிக்கும். சில கப்பல்களில் வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டை ஏறும்போது வாங்கி வைத்து, பயணம் முடிவதற்கு முன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் திருப்பித் தருகிறார்கள். அந்த இடமும் நேரமும் கப்பலின் அன்றாடத் தாளிலோ செயலியிலோ வெளியாகும். முந்தைய நாளே பெற்றுக்கொள்ள வழியிருந்தால் அன்றே வாங்கிவிடுங்கள். கடைசிக் காலைக்குத் தள்ளினால், இறங்கும் வரிசைக்கு முன் இன்னொரு வரிசையிலும் நிற்க வேண்டிவரும்.

இதோடு சேர்ந்த இன்னும் இரண்டு செய்திகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமானவை. கப்பல் மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ சென்று திரும்பும்போது நீங்கள் சிங்கப்பூருக்குள் மறுபடியும் நுழைகிறீர்கள். ஆகவே உங்கள் விசா ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். முதல் முறை சாங்கியில் இறங்கியபோது நிரப்பிய சிங்கப்பூர் வருகை அட்டை இந்த இரண்டாம் நுழைவுக்குச் செல்லாது, புதிதாக ஒன்றை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் வந்து சேரும் நாளையும் உள்ளிட்ட மூன்று நாட்களுக்குள்தான் சமர்ப்பிக்க முடியும். வெள்ளிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை திரும்புபவர் ஏறுவதற்கு முன்பே நிரப்பிவிடலாம். திங்கட்கிழமை திரும்புபவருக்குச் சனிக்கிழமைதான் வழி திறக்கும். அப்போது அவர் கடலிலோ வேறொரு துறைமுகத்திலோ இருப்பார். கரையில் இணைய வசதி கிடைக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும். இறங்கும் வரிசையில் நின்றுகொண்டு அட்டையை நிரப்புபவர்கள் தங்கள் நேரத்தை மட்டுமல்லாமல் பின்னால் நிற்பவர்களின் நேரத்தையும் சேர்த்தே வீணடிக்கிறார்கள்.

எங்கள் விமானம் இரவு 9 மணிக்குத்தான். கப்பலிலேயே எவ்வளவு நேரம் இருக்க முடியும்?

பயணிகள் அனைவரும் காலை 9:30 அல்லது 10 மணிக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அறையை அதற்கு முன்பே, பெரும்பாலும் 8 மணியளவில், காலி செய்யச் சொல்வார்கள். அதே கப்பல் அன்று பிற்பகல் அடுத்த பயணத்துக்குப் புறப்பட வேண்டியிருப்பதால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளைச் சில மணி நேரத்துக்குள் துப்புரவு செய்து, உணவுப் பொருட்களை ஏற்றி, புதிய பயணிகளை வரவேற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கிறது.

உங்களைப் போன்றவர்களுக்கு என் பரிந்துரை, கடைசி எண்களில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வதே. பெட்டியை இரவே கொடுத்துவிடுங்கள். 7 மணிக்கு நிதானமாக எழுந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். அறையைவிட்டு வந்தபின் மேல்தளத்தில் காற்றாட இருந்து, அழைக்கும்போது இறங்குங்கள். சீக்கிரம் இறங்குவதால் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யப்போவது எதுவுமில்லை. சிங்கப்பூரில் பல கடைகள் 10 மணிக்குப் பிறகுதான் திறக்கின்றன, விடுதி அறையோ பிற்பகலில்தான் கிடைக்கும்.

இறங்கிய பிறகு, பெட்டிகளோடு சாங்கிக்கே போய், அங்கே கட்டணம் செலுத்திப் பெட்டிகளை வைக்கும் இடத்தில் விட்டுவிட்டு, விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வளாகத்தின் அருவியைப் பார்க்கலாம், நகருக்கும் திரும்பலாம். ஹார்பர்ஃபிரண்ட்டில் இறங்குபவர்கள் வடகிழக்குப் பாதை ரயிலில் மாறாமலேயே லிட்டில் இந்தியா போய்விட முடியும். மரினா சவுத் பியரிலிருந்து போகிறவர்கள் தோபி காட்டில் ரயில் மாற வேண்டும். கப்பலில் நாலைந்து நாள் ரொட்டியும் பழமும் சாப்பிட்டுச் சலித்தவர்களுக்கு சிராங்கூன் சாலையில் சூடான இட்லி காத்திருக்கிறது.

முதலிலும் வேண்டாம், கடைசியிலும் வேண்டாம், நடுவில் இறங்கினால் கூட்டம் குறைவாக இருக்குமா?

இருக்காது. எல்லாரும் இப்படியே நினைப்பதால் காலை 8 முதல் 9 வரைதான் நெரிசல் உச்சத்தில் இருக்கும். இறங்கும் வரிசை, குடிநுழைவு வரிசை, டாக்சி வரிசை மூன்றும் அந்த நேரத்தில் ஒருசேர நீளும். முதல் அரை மணி நேரமும் கடைசி அரை மணி நேரமுமே சுலபமானவை.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும். சீக்கிரம் இறங்க விடுவார்களா?

சக்கர நாற்காலி உதவி கேட்பவர்களைத் தனி இடத்தில் கூட்டி, ஊழியர்கள் வரிசையாக அழைத்துச் செல்வார்கள். இது வசதியானது, ஆனால் விரைவானது என்று சொல்ல முடியாது. நாற்காலிகளும் தள்ளுபவர்களும் எண்ணிக்கையில் குறைவு என்பதால், முதல் சுற்றுக்குப் போன நாற்காலி திரும்பி வரும்வரை இரண்டாம் சுற்றில் இருப்பவர் காத்திருக்க வேண்டும். பயணத்தின் இரண்டாம் நாளே பெயர் பதிந்து, விமான நேரத்தையும் சொல்லி வையுங்கள்.

அம்மாவோடு ஒருவர் மட்டும் போனால் போதும். மற்றவர்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கி முனையத்தில் சந்திக்கலாம். பெட்டியைத் தாமே தூக்கிச் செல்லும் முதல் கூட்டத்தில் முதியவர்களைச் சேர்க்காதீர்கள். அந்தக் கூட்டம் அவசரக்காரர்களின் கூட்டம். பொறுமையை அங்கே எதிர்பார்க்க முடியாது.

டாக்சியா, கிராப்பா, ரயிலா?

வார நாட்களில் காலை 6 முதல் 9:30 வரை டாக்சி மீட்டர் கட்டணத்தின் மேல் 25 விழுக்காடு கூடுதலாக வசூலிக்கப்படுகிறது. 9:30க்குப் பிறகு ஏறினால் அது மிச்சம். கிராப் போன்ற, செயலி வழியாக அழைக்கும் வாடகைக் கார்களின் விலையும் கப்பல் இறங்கும் நேரத்தில் ஏறி, கூட்டம் வடிந்ததும் இறங்கிவிடும். கடைசியில் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறு குழந்தைகளோடு வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு உரிய இருக்கை வேண்டும் என்ற சிங்கப்பூர் விதியிலிருந்து டாக்சிகளுக்கு விலக்கு உண்டு. வாடகைக் கார்களுக்கு இல்லை. மரினா சவுத் பியரிலிருந்து ரயிலில் சாங்கிக்குப் போக சிட்டி ஹாலிலும் தானா மேராவிலும் மாற வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஒற்றைப் பெட்டி உள்ளவருக்கு அது மலிவும் நம்பகமுமான வழி.

கப்பலில் வாங்கிய மதுப் புட்டிகள் இரண்டு இருக்கின்றன. சுங்கத்தில் எவ்வளவு நேரமாகும்?

பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விதி இது. சிங்கப்பூருக்குள் மதுவைத் தீர்வையின்றிக் கொண்டுவர 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 48 மணி நேரமாவது வெளியே இருந்திருக்க வேண்டும், அதோடு மலேசியாவிலிருந்து வருபவராக இருக்கக் கூடாது. உங்கள் கப்பல் கடைசியாக நின்ற இடம் பினாங்கு அல்லது போர்ட் கிளாங் என்றால் மூன்றாவது நிபந்தனை உங்களுக்கு எதிராக நிற்கிறது. சிகரெட்டுக்கு எவருக்கும் விலக்கு இல்லை. மின்சிகரெட்டும் சூயிங்கமும் கொண்டுவரவே கூடாது.

தீர்வை செலுத்த வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழியில் சென்று தாமாகவே அறிவியுங்கள். அதற்குக் கால் மணி முதல் அரை மணி நேரம் ஒதுக்கி, விமானக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிவிக்காமல் போய்ச் சிக்கினால் போகும் நேரத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது.

கப்பலே தாமதமாக வந்து விமானம் தவறினால் யார் பொறுப்பு?

விமானத்தைத் தனியாகப் பதிவு செய்திருந்தால், பெரும்பாலும் நீங்கள்தான். கப்பல் நிறுவனத்தின் வழியாகவே விமானத்தையும் வாங்கியிருந்தால் மாற்று ஏற்பாட்டில் அவர்கள் உதவ வாய்ப்பிருக்கிறது. பயணக் காப்பீட்டில் இதற்கு இடமுண்டா என்பதைப் புறப்படும் முன்பே படித்துப் பாருங்கள்.

தாமதம் அரிது என்றாலும் காரணங்கள் உண்மையானவை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து வரும் திடீர்ப் புயல்காற்று விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் வீசக்கூடியது. மின்னல் இருக்கும்வரை திறந்த வெளியில் பெட்டி இறக்கும் வேலை நின்றுபோகலாம். பெட்டியைக் கையோடு வைத்திருப்பவரை இது அவ்வளவாகப் பாதிக்காது. அதனால்தான் பிற்பகல் 2 மணிக்கு முந்தைய விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்களை முதல் வழியையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

புக்கெட் போய்விட்டு வந்ததிலிருந்து கைப்பேசியின் நேரம் குழப்புகிறது. எதை நம்புவது?

தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. கைப்பேசி தாய்லாந்து அலைவரிசையைப் பிடித்திருந்தால் விழிப்பு மணி ஒரு மணி நேரம் பிந்தி அடிக்கும். கடைசி இரவு, தானாக நேரம் மாறும் அமைப்பை அணைத்துவிட்டு, அறைத் தொலைபேசியில் தெரியும் கப்பல் நேரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கில் தவறான தொகை சேர்ந்திருக்கிறது. இறங்கும்போது கேட்கலாமா?

முந்தைய இரவே கேளுங்கள். கடைசிக் காலையில் விருந்தினர் சேவை முகப்பில் இருக்கும் வரிசை, மேலே சொன்ன எந்த வரிசையைவிடவும் மெதுவாக நகர்வது.

அதே கப்பலில் அடுத்த பயணத்துக்கும் பதிவு செய்திருக்கிறோம். நாங்களும் இறங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டும். குடிநுழைவுச் சோதனையை நீங்களும் முடித்தாக வேண்டும் என்பதால், தொடர் பயணிகளைத் தனிக் குழுவாக ஓரிடத்தில் சேர்த்து, குறித்த நேரத்தில் முனையத்துக்கு அழைத்துச் சென்று, மீண்டும் ஏற்றுவார்கள். எங்கே, எத்தனை மணிக்குக் கூட வேண்டும் என்ற கடிதம் முந்தைய நாள் அறைக்கு வரும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். விசாவும் வருகை அட்டையும் உங்களுக்கும் பொருந்தும்.

அடுத்த பயணத்துக்கும் அறை அதேதான் என்றால் பெட்டிகள் உள்ளேயே இருக்கட்டும். அறை மாறுகிறதென்றால் அறைப் பணியாளரிடம் சொல்லிவையுங்கள், அவர் நகர்த்திவிடுவார். எப்படியிருந்தாலும், பழக்கத்தில் பெட்டியை இரவு கதவுக்கு வெளியே வைத்துவிடாதீர்கள். வைத்தால் அது மற்ற பெட்டிகளோடு சேர்ந்து கரைக்குப் போய்விடும்.